காரடியில் தொலைந்தவை
ராஸ்கோவுக்கு மீன் பிடிக்கப் போகும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

நியூஜெர்சியின் எடிசனிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வார இறுதியில் நியூயார்க்கின் கேட்ஸ்கில் மலைக்கு ஃபிளை ஃபிஷிங் கிளம்பும் அண்ணன்மார், அக்காமார், தம்பிகள் எல்லோருக்கும்,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொள்வீர்கள். காரில் பேச்செடுத்தால் மிடில்டவுன் தாண்டுவதற்குள் பாதிப் பேர் தூங்கிவிடுகிறீர்கள். ஆகவே எழுதிவிடுகிறேன்.

விஷயம், மே மாதம் பீவர்கில் ஆற்றுப் பக்கம் நமக்குக் கிடைத்த ஃபிளை பெட்டி, அதாவது பூச்சி மாதிரிக் கட்டிய தூண்டில் கொக்கிகள் அடுக்கிய டப்பா. அதை என்ன செய்வது என்று திரும்பி வந்த வழியெல்லாம் வாக்குவாதம் நடந்தது. மூன்று கட்சிகள் உருவாயின. "ஆறு கொடுத்தது, வேண்டாம்னு சொல்லக் கூடாது" என்றது முதல் கட்சி. "பேரு இல்ல, போன் நம்பர் இல்ல, யாருன்னு தேடுறது?" என்றது இரண்டாவது. மூன்றாவது கட்சி வாயே திறக்கவில்லை. பின்சீட்டில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து, பிடித்த ஃபிளைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் தொப்பியில் குத்திக்கொண்டிருந்தது. கண்ணாடியில் பார்த்துக்கொண்டுதான் வண்டி ஓட்டினேன்.

முதலில் அந்த ஆறு கொடுத்த கதையைப் பார்ப்போம். பெட்டி கிடந்தது ஆற்றில் இல்லை, கரையில்கூட இல்லை. பழைய 17ஆம் சாலையோரம் நாலு கார் நிற்கிற மாதிரி இருக்கும் மண் திட்டில், புல்லுக்குள் கிடந்தது. அங்கிருந்து தண்ணீருக்கு இறங்கவே ஐந்து நிமிடம் நடக்க வேண்டும். ஆற்றுக்கு அந்தப் பெட்டியோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது. யாரோ ஒருவர் காரின் பம்பர் மேல் வைத்துவிட்டு, மறந்து, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போயிருக்கிறார்.

இந்த விளையாட்டில் பொருள்கள் பெரும்பாலும் அங்கேதான் தொலைகின்றன. இடுப்பளவுத் தண்ணீரில், வழுக்குப் பாறை மேல், காற்றில் நிற்கும்போது நாம் ரொம்பக் கவனமாக இருக்கிறோம். எது எந்தப் பையில் இருக்கிறது என்று கைக்குத் தெரியும். கரையேறி, காரைக் கண்டதும் அந்தக் கவனமெல்லாம் கழன்றுவிடுகிறது. பொழுது சாய்ந்திருக்கும், கொசு கடிக்கும், பசிக்கும், நம் ஆட்கள் என்றால் காப்பிக் கடை மூடிவிடுமே என்ற கவலையும் சேர்ந்துகொள்ளும். ஒன்பதடி ராடைக் கழற்றினால் நாலு துண்டு. இரண்டைக் கார் கூரை மேல் வைக்கிறோம், மற்ற இரண்டைக் கையில் வைத்துக்கொண்டு உறையைத் தேடுகிறோம். ரீலைக் கழற்றி டயருக்குப் பக்கத்தில் புல்லில் வைக்கிறோம். தண்ணீரில் இறங்கப் போடும் வேடர்ஸைக் கழற்ற ஒற்றைக் காலில் நிற்க வேண்டும், அதற்காகக் கழுத்தில் தொங்குவதையெல்லாம் கழற்றிப் பம்பரில் வைக்கிறோம். ஈர பூட்ஸ் வண்டிக்குள் நாறும் என்று வெளியே, சக்கரத்துக்குப் பின்னால் போகிறது. அப்போது பார்த்து யாராவது வந்து "எத்தனை மீன்?" என்று கேட்பார்கள். பதில் சொல்லி முடித்துவிட்டுக் காரில் ஏறுகிறோம். கூரை மேல் இருக்கும் இரண்டு துண்டும் முதல் வளைவு வரை நம்மோடு வரும்.

நுனித் துண்டு போனால் மீதி மூன்றும் விறகுதான். கம்பெனிக்கு அனுப்பினால் அதே மாடலுக்கு வேறு துண்டு செய்து கொடுப்பார்களா, எவ்வளவு கேட்பார்கள் என்பது கம்பெனியைப் பொறுத்தது. ஆயுள் உத்தரவாதம் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வதெல்லாம் பெரும்பாலும் உடைந்த ராடுக்குத்தான். தொலைந்த ராடுக்கு யாரும் உத்தரவாதம் கொடுப்பதில்லை. உடைந்ததற்கு அத்தாட்சியாகத் துண்டைக் காட்டலாம், தொலைந்ததற்கு எதைக் காட்டுவது?

இன்னொரு பக்கமும் உண்டு. ஃபிளையால் மீன் பிடிப்பவர்கள் உடம்பில் சுமக்கும் சாமான் கொஞ்சநஞ்சமல்ல. புழு போட்டுப் பிடிப்பவருக்கு ஒரு கழி, ஒரு டப்பா போதும். நமக்கு ஃபிளை பெட்டியே மூன்று நான்கு, டிப்பட் நரம்புச் சுருள்கள், நகவெட்டி மாதிரி ஒரு கத்தரி, கொக்கி கழற்ற இடுக்கி, மிதவை எண்ணெய், போலராய்டு கண்ணாடி, வலை. இத்தனையையும் உடம்பிலேயே தொங்கவிட வழி சொன்னவர் லீ வுல்ஃப். 1930களின் தொடக்கத்தில் ஒரு மேல்சட்டை முழுக்கப் பை வைத்துத் தைத்து, இன்று நாம் வெஸ்ட் என்று போட்டுக்கொள்வதற்கு வழிகாட்டியவர் அவர். கடைசிக் காலத்தில் அவர் வாழ்ந்ததும் இதே பீவர்கில்லின் மேல்பக்கம், லூ பீச் என்ற சிற்றூரில்தான். பை கூடக் கூட, மூட மறக்கும் பையும் கூடும் என்று அவருக்கும் தெரிந்திருக்கும். வேல்க்ரோவுக்கு ஈரத்தில் பிடிப்புக் குறையும், ஜிப்பை ஒரு கையால் மூடுவது கஷ்டம். குனிந்து மீனை விடும்போது மேல்பை தானாகக் காலியாகும்.

போதாததற்கு நிறம். இந்தச் சாமான்களைச் செய்கிற கம்பெனிகளுக்கு உலகத்தில் மூன்றே நிறம்தான் தெரியும் போலிருக்கிறது: பாசிப் பச்சை, காக்கி, சாம்பல். மீனுக்குத் தெரியக் கூடாது என்று செய்த நிறம், புல்லில் விழுந்தால் நமக்கும் தெரிவதில்லை. பெட்டியின் நிறத்தைப் பார்த்து எந்த டிரவுட்டும் ஓடியதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஹார்டுவேர் கடையில் ஆரஞ்சு டேப் ஒரு சுருள் வாங்கிப் பெட்டி, வலைப்பிடி, ராடு உறை, ரீல் பை எல்லாவற்றிலும் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். அழகு கெடும். கெடட்டும்.

இப்போது அந்தப் பெட்டிக்குள் பார்ப்போம். மூன்றாம் கட்சி பார்த்த அதே பெட்டியைத்தான் அன்றிரவு சமையலறை மேசையில் வைத்து நானும் பார்த்தேன். நம்முடையது மாதிரி கடையில் டஜன் கணக்கில் வாங்கி அடைத்ததல்ல. வரிசை வரிசையாக, மாதவாரியாக அடுக்கியிருந்தது. இடது ஓரத்தில் ஏப்ரல் கடைசிக்கும் மே தொடக்கத்துக்குமான ஹென்ட்ரிக்சன், பதினாலாம் நம்பர் கொக்கியில். அதற்கடுத்து மார்ச் பிரவுன். பெயர்தான் மார்ச், இந்த ஆற்றில் மே நடுவில்தான் பறக்கும். பிறகு மஞ்சள் சல்ஃபர், அதன் பக்கத்தில் பெரிய கிரீன் டிரேக். வலது மூலையில் கோடைக் காலைகளுக்கான டிரைக்கோ. அரிசிக் குருணையில் பாதி இருக்கும், இருபத்திநாலாம் நம்பர், கண்ணாடி போட்டுக்கொண்டுதான் எண்ண முடிந்தது. பாதி ஃபிளைகளில் கழுத்து இறகு வளைந்து, நூல் பிரிந்து, மீன் பல் பட்ட அடையாளம் இருந்தது. ஒன்றில் மட்டும் தலைக்கட்டு நீல நூல். மற்றதெல்லாம் பழுப்பு. கட்டிக்கொண்டிருக்கும்போது பழுப்பு நூல் தீர்ந்திருக்க வேண்டும்.

கடை விலை போட்டால் ஒன்றுக்கு மூன்று டாலர், நாலு டாலர். ஆனால் இது கைக்கட்டு. பழகிய கைக்கே ஒன்றுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் பிடிக்கும். ஒரு பனிக்காலம் முழுக்க அந்த மனிதர் விளக்கடியில் உட்கார்ந்திருக்கிறார்.

அந்த ஹென்ட்ரிக்சன் வரிசையைப் பற்றி ஒரு சின்ன விலகல். அந்த ஃபிளையை 1916இல் முதலில் கட்டியவர் ராய் ஸ்டீன்ராட். ராஸ்கோவுக்குத் தெற்கே, நாம் பெட்ரோல் போட நிற்கும் லிபர்ட்டி ஊரின் தபால் ஆபீசில் வேலை பார்த்தவர். தன்னோடு மீன் பிடிக்கும் ஏ. இ. ஹென்ட்ரிக்சன் பெயரையே அதற்கு வைத்தார். ஸ்டீன்ராடுக்குக் கட்டக் கற்றுக்கொடுத்தவர் நெவர்சிங்க் ஆற்றங்கரையில் தனியாக வாழ்ந்த தியோடோர் கார்டன். அந்தக் கார்டன் 1890இல் இங்கிலாந்தின் ஃபிரெடரிக் ஹால்ஃபோர்டுக்குக் கடிதம் எழுதப் போய், ஹால்ஃபோர்டு தன் உலர் ஃபிளைகளின் மாதிரிகளைத் தபாலிலேயே அனுப்பிவைத்தார். அவை ஆங்கிலேய ஆற்றுப் பூச்சிகளின் சாயல். கார்டன் அவற்றைப் பார்த்து, இந்த மலை ஆறுகளின் பூச்சிகளுக்கு ஏற்பத் தானே மாற்றிக் கட்டினார். அமெரிக்காவின் உலர் ஃபிளை மரபை அந்தத் தபாலிலிருந்து தொடங்கிச் சொல்வது வழக்கம். கடல் தாண்டி முன்பின் பார்க்காத ஒருவருக்கு ஃபிளை அனுப்பினார்கள். நமக்கு எடிசனிலிருந்து ராஸ்கோவுக்கு அனுப்பக் கஷ்டமாக இருக்கிறது.

இரண்டாவது கட்சிக்கு வருவோம். "பேர் இல்லை" என்பது நியாயமான கேள்விதான், ஆனால் அதற்கு நியூயார்க் மாநிலம் எப்போதோ பதில் எழுதி வைத்திருக்கிறது. தனிநபர் சொத்துச் சட்டத்தில் 7-பி என்று ஒரு பகுதி. இருபது டாலர் அல்லது அதற்கு மேல் பெறுமானமுள்ள பொருளைக் கண்டெடுத்தவர், பத்து நாளுக்குள் உரியவரிடம் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் போலீசில் தெரிவித்து ஒப்படைக்க வேண்டும். வேண்டுமென்றே செய்யாமல் விட்டால் குற்றம். நூறு டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறைகூடப் போடலாம். தொலைந்த பொருள் வேறு, எங்கேயோ வைத்துவிட்டு மறந்த பொருள் வேறு என்று பழைய சட்டம் பிரித்துப் பேசும். நியூயார்க்கில் அந்தப் பிரிவினையும் கிடையாது. பம்பரில் வைத்து மறந்ததும் சட்டத்துக்குத் தொலைந்ததுதான்.

உரியவர் வரவே இல்லை என்றால் கண்டெடுத்தவருக்கு ஒன்றும் இல்லையா? உண்டு. பொருளின் மதிப்பைப் பொறுத்து மூன்று மாதம் முதல் மூன்று வருடம் வரை போலீஸ் காத்திருக்கும். அதற்குள் யாரும் கேட்காவிட்டால் கண்டெடுத்தவரே உரிமை கோரலாம். அதாவது முதல் கட்சிக்கும் சட்டம் கதவைச் சாத்தவில்லை. வாசலில் கொஞ்சம் காத்திருக்கச் சொல்கிறது, அவ்வளவுதான்.

அதனால் நான் செய்தது இது. மறுநாள் காலையிலேயே ராஸ்கோவில் நாம் வழக்கமாக டிப்பட் வாங்கும் கடைக்குப் போன் போட்டேன். அங்குள்ள போலீசுக்கும் சொன்னேன். அந்த வாரமே லீவு போட்டுக்கொண்டு நானே கொண்டுபோய் முறைப்படி ஒப்படைத்தேன். உரியவர் விசாரித்துக்கொண்டு முதலில் வந்து நின்றது, எதிர்பார்த்தபடி, கடையில்தான். அந்தப் பக்கத்து ஃபிளை கடைகளில் கவுண்டருக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டி இருக்கும். யாருடையதோ கண்ணாடி, யாருடையதோ ஒற்றை ரீல், வலை. வார இறுதியில் ஆற்றுக்கு வருகிற எல்லோரும் எப்படியும் "இன்னைக்கு என்ன பூச்சி பறக்குது?" என்று கேட்க அங்கே நுழைவார்கள். போலீசுக்குச் சொல்வது சட்டத்துக்காக, கடைக்குச் சொல்வது ஆளைப் பிடிப்பதற்காக. இரண்டும் வேண்டும்.

வந்தவர் வயதானவராம். கடைக்காரர் போனில் சொன்னார். பெட்டி எப்படி இருக்கும் என்று கேட்டதற்கு அவர் பெட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "ஒரு ஹென்ட்ரிக்சனுக்குத் தலை நீலமாக இருக்கும்" என்றாராம். அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

அதனால்தான் சொல்கிறேன், எதையாவது கண்டெடுத்தால் உடனே மூடியைத் திறந்து நாலு பக்கமும் போட்டோ எடுத்துக் குழுவெங்கும் அனுப்பாதீர்கள். எல்லாவற்றையும் காட்டிவிட்டால் உரியவரை எதை வைத்து அடையாளம் காண்பது? "பீவர்கில்லில் ஒரு ஃபிளை பெட்டி கிடைத்தது" என்பது போதும். எந்தக் கம்பெனி, என்ன நிறம், உள்ளே என்ன என்று உரியவர் சொல்லட்டும். ரீல் என்றால் எந்தக் கைக்குச் சுற்றியிருக்கிறது, லைனுக்கு அடியில் இருக்கும் பின்கயிறு என்ன நிறம் என்று கேளுங்கள். பின்கயிற்றின் நிறம், வாங்கிச் சுற்றியவருக்குத்தான் தெரியும்.

இந்த விவகாரத்தில் ஒரு பாக்கி இருக்கிறது. பெட்டியைப் பெற்றுக்கொண்டவர் சந்தோஷமாக நன்றி சொல்லிவிட்டு, திறந்து பார்த்து, "ஹென்ட்ரிக்சன் வரிசையில் நாலு குறைகிறதே, வழியில் விழுந்திருக்கும்" என்றாராம். தொப்பிக்கார அண்ணே, நாலும் வழியில் விழவில்லை என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு பழைய மாத்திரை டப்பாவில் பஞ்சு வைத்துப் போட்டு என்னிடம் கொடுங்கள். தபால் செலவு என்னுடையது.

எதைக் கண்டாலும் எடுத்துக்கொண்டு போலீசுக்கு ஓடச் சொல்லவில்லை. யோசிக்க வேண்டிய இடம் இதுதான். காரடியில் கிடக்கும் பொருளைத் தேடிச் சொந்தக்காரர் அடுத்த அரை மணியில் திரும்பி வர வாய்ப்பு அதிகம். ஹான்காக் வரை போய், சாப்பிட உட்கார்ந்து, சட்டையைத் தடவிப் பார்த்து, அலறியடித்துக்கொண்டு வருவார். அவர் வரும்போது நீங்கள் பொருளோடு நியூஜெர்சி எல்லையில் இருந்தால் அவருக்கு நீங்கள் செய்தது உதவி இல்லை. மீன் பிடித்து முடிக்கும் வரை அதை அங்கேயே, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வேலிக் கம்பத்திலோ மரக்கிளையிலோ மாட்டி வையுங்கள். கிளம்பும்போதும் அங்கேயே இருந்தால் எடுங்கள். ஒற்றைக் கையுறை, பாதி டிப்பட் சுருள் மாதிரி சின்னச் சாமான் என்றால் எடுக்கவே வேண்டாம், கம்பத்தில் இருக்கட்டும். விலையுயர்ந்த ராடோ ரீலோ சாலையோரம் கிடந்தால் மட்டும் தாமதிக்காதீர்கள். எடுத்து, கையிலிருக்கும் காகிதத்தில் "கிடைத்தது, ராஸ்கோ கடையில் விசாரிக்கவும்" என்று எழுதி அங்கே குத்திவிட்டு நேராகக் கடைக்குப் போங்கள். நம் எவருடைய வீட்டுக்கும் அல்ல.

சரி, நிஜமாகவே ஆற்றில் விழுந்தால்?

பிளாஸ்டிக் ஃபிளை பெட்டிகளில் பல மிதக்கும். மிதப்பது எங்கே போகும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வருடக் கணக்கில் நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பதே அதைத்தான். நீரோட்டத்தின் மேல் நுரை ஒரு கோடாகப் போகிறதே, பூச்சிகளும் அதில்தான் போகும், மீனும் அதன் அடியில்தான் காத்திருக்கும், பெட்டியும் அதே கோட்டில்தான் போகும். நுரை எங்கே சுழன்று தேங்குகிறதோ, வளைவின் உள்பக்கம், பெரிய பாறைக்குப் பின்னால், விழுந்த மரத்தின் வேரில், அங்கே தேடுங்கள். விழுந்த இடத்திலேயே நின்று குனிந்து தேடுவது வீண்.

ராடு, ரீலோடு சேர்ந்து மூழ்கும். காந்தம் கட்டித் தேடலாமே என்று நம்மில் ஒரு எஞ்சினியர் சொன்னார். ராடு கார்பன் நார், ரீல் அலுமினியம், பிடி கார்க். காந்தத்துக்கு இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் விழுந்த ராடிலிருந்து லைன் வெளியே கிடக்கும், தொண்ணூறு அடி வரை. இன்னொரு ராடில் கனமான ஸ்ட்ரீமர் ஃபிளை ஒன்றைக் கட்டி, விழுந்த இடத்துக்குக் கீழே ஆற்றின் குறுக்கே அடியோடு இழுத்து வாருங்கள். லைன் மாட்டினால் ராடு தானே வரும். மாட்டாவிட்டால், இடத்தைப் போனில் குறித்துவைத்து ஆகஸ்ட் வரை பொறுங்கள். கோடையில் பீவர்கில் வற்றிப் பல இடங்களில் முழங்காலுக்கு வரும். நீச்சல் கண்ணாடி போட்டுத் தலையைத் தண்ணீருக்குள் விட்டால் அடிக்கல் எண்ணலாம். வெயிலில் தண்ணீர் சூடாகி டிரவுட் திணறும் நாட்கள் அவை. அப்போது மீன் பிடிக்காமல் இருப்பதே மரியாதை, ஆகவே பொருள் தேட நல்ல காலம்.

டெலவேர் ஆற்றின் மேற்குக் கிளைக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அது கேனன்ஸ்வில் அணையின் அடியிலிருந்து வரும் தண்ணீர், கோடையிலும் சில்லென்று இருக்கும், வற்றுவதும் பெருகுவதும் மழையை மட்டும் பொறுத்தல்ல. நியூயார்க் நகரம் எவ்வளவு எடுக்கலாம், கீழே எவ்வளவு விட வேண்டும் என்பது 1954இல் உச்ச நீதிமன்றம் வகுத்த கணக்கு. அதைக் கண்காணிக்க ரிவர் மாஸ்டர் என்று ஒரு பதவியே இருக்கிறது. ஏறக்குறைய நம்ம காவிரிப் பஞ்சாயத்துதான், ஆணையத்தோடு சேர்த்து. ஆகவே காலையில் காய்ந்த கூழாங்கல் திட்டில் சாப்பாட்டுப் பையையும் இரண்டாவது ராடையும் வைத்துவிட்டுக் கீழே அரை மைல் போகாதீர்கள். அணையில் கூடுதலாகத் திறந்தால் மதியத்துக்குள் அந்தத் திட்டு இருக்காது.

எதுவாக இருந்தாலும், மிதந்து போகிற பொருளை வேடர்ஸோடு துரத்தாதீர்கள். இதில் வாதமே கிடையாது. பெல்ட் கட்டாத வேடர்ஸில் தண்ணீர் ஏறினால் எழுந்து நிற்பதே பெரும்பாடு. முந்நூறு டாலர் ரீலுக்காகப் பாறையிலிருந்து பாறைக்குத் தாவிய தம்பிக்கு இதைத் தனியாகவும் சொல்லியிருக்கிறேன். அவர் மனைவியிடமும் சொல்லியிருக்கிறேன்.

பெயர் எழுதுவதைப் பற்றி. எல்லோரும் எழுதுவோம் என்கிறீர்கள், யாரும் எழுதுவதில்லை. ஃபிளை பெட்டியின் மூடிக்கு உள்பக்கம், அழியாத மையில், போன் நம்பர். முழுப் பெயர் வேண்டாம். நம் பெயர்களை இந்த ஊர்க் கடைக்காரர் படித்து முடிப்பதற்குள் கடை மூடும் நேரமாகிவிடும். ராடுக்கு, பிடிக்குப் பக்கத்தில் சீரியல் நம்பர் பொறித்திருந்தால் போட்டோ எடுத்து வையுங்கள், கம்பெனியிலும் பதிவு செய்யுங்கள். ரீலின் அடிப்பட்டையில், ராடோடு பொருந்தி மறையும் இடத்தில், ஊசியால் இரண்டெழுத்துக் கீறினால் போதும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நம் ஊரில் சொல்வது இந்தக் கணக்கைத்தான். எதெது கொண்டுபோனோம் என்ற பட்டியல் இல்லாதவருக்கு எது தொலைந்தது என்பதே அடுத்த மாதம்தான் தெரியவரும்.

ஏர்டேக் போட்டால் தீர்ந்தது என்று நம் சாஃப்ட்வேர் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அது பக்கத்தில் யாருடைய ஐபோனாவது வந்தால்தான் வாய் திறக்கும். ராடு உறையிலும் முதுகுப் பையிலும் போடுங்கள், சாலையோரம் விட்டுவந்தால் நிச்சயம் உதவும். பள்ளத்தாக்கில், ஆள் நடமாட்டமில்லாத வளைவில், சிக்னலே இல்லாத இடத்தில் அது வெறும் வில்லை. ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்பதுதான் அதன் கணக்கு. ஆறு அதைவிட ஆழம், காலமும் அதிகம்.

கண்டெடுத்த ஈரச் சாமானைக் கொடுக்கும் முன் நன்றாகக் காயவைப்பதும் முக்கியம். பாறையில் ஈரக் கம்பளி மாதிரிப் படரும் டிடிமோ பாசி டெலவேரில் இருக்கிறது. ஒரு பூட்ஸின் அடியிலோ வலையின் முடிச்சிலோ ஒட்டிக்கொண்டு அடுத்த ஆற்றுக்குப் போய்விடும். உரியவர் வெர்மாண்ட்காரர் என்றால் அவருக்கு வலையோடு பாசியையும் பார்சல் செய்யக் கூடாது.

தொலைந்ததைத் தேட இவ்வளவு மெனக்கெடும் நாம், வேண்டுமென்றே விட்டுவிட்டு வருவதைப் பேசுவதே இல்லை. முடிச்சுப் போட்டு மீதியை நறுக்கிப் போடும் நைலான் துண்டு, சிக்கலாகிப்போன லீடர், கிளையில் மாட்டி அறுந்த மிதவை. அந்த நைலானில் பறவை கால் மாட்டினால் தானாக விடுபடாது. அரை அவுன்ஸும் அதற்குக் கீழுமான ஈயக் குண்டுகளை விற்பதை நியூயார்க் 2004இலேயே நிறுத்திவிட்டது, லூன் பறவைகள் அவற்றை விழுங்கிச் செத்ததால். விற்பனைக்குத்தான் தடை, பழைய டப்பாவில் இருப்பதைப் போலீஸ் வந்து தேடாது. நம்மில் சிலரிடம் அந்தப் பழைய டப்பா இருக்கிறது. அடுத்த பயணத்துக்குக் கொண்டுவர வேண்டாம். டங்ஸ்டன் குண்டு நான் மொத்தமாக வாங்கி வைத்திருக்கிறேன், பங்குக்காசு கொடுத்தால் போதும்.

இப்போது உங்கள் சொந்த விவகாரம். சட்டத்துக்கும் போலீசுக்கும் வேலையில்லாத தொலைந்த பொருள்கள் கொஞ்சம் என் வண்டியின் டிக்கியில் சேர்ந்திருக்கின்றன. போன வருடம் முதல் ஒவ்வொரு பயணத்திலும் நீங்கள் இறங்கும்போது விட்டுவிட்டுப் போனவை. ஒரு ராடின் துண்டு, எந்தத் துண்டு என்று சொல்ல மாட்டேன். ஒரு இடுக்கி. ஒரு ரீல் பை, உள்ளே ரீல் இல்லை. ஒற்றை நியோப்ரீன் காலுறை. ஒரு போலராய்டு கண்ணாடி. மூன்றடுக்குத் தூக்கு ஒன்று, அதன் நடு அடுக்கில் இருந்தது எலுமிச்சை சாதமாக இருக்கலாம், இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது, கழுவிவிட்டேன். யாருக்கு எது என்று எனக்கு ஓரளவு தெரியும். இருந்தாலும் நிறம், கம்பெனி, அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வீட்டில் இருப்பேன். தூக்குக்கு உரியவர் மட்டும் காலியாக வாங்கிப் போக முடியாது, அடுத்த பயணத்துக்குச் சாதம் அவர் பொறுப்பு.

அன்புடன்,
உங்கள் வண்டியோட்டி